மார்த்தாளுக்கு அடிக்காத மணி

பச்சமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாக்கோபு என்று பெயர். மற்ற ஆறு நாளும், ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும், அவன் இந்து பச்சமுத்துதான். அவன் மனைவி மார்த்தாள் கார்டில் முனியம்மாள். மகள் ஞானசுந்தரி பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பவளம். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலனியில் பாதி வீடுகளின் கதை இதுதான். சாமியை மாற்றினால் சாதி போய்விடும், சலுகையும் கூடவே போய்விடும் என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. ஊர்த்தெரு டீக்கடைக்காரனுக்கு மட்டும் அந்தச் சட்டம் எட்டவில்லை. யாக்கோபுவுக்கும் பச்சமுத்துவுக்கும் அவன் ஒரே தனி கிளாஸில்தான் டீ ஊற்றினான்.

ஜெபக்கூடம் ஒரு ஓலைக் கொட்டகை. வாசல் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. பதினைந்து வருஷமாக அதைச் சுத்தியலால் அடிப்பவன் பச்சமுத்து. சபையில் யாராவது செத்தால் வயது எத்தனையோ அத்தனை அடி, நிறுத்தி நிறுத்தி அடிப்பான். நடவு வயலில் குனிந்து நிற்பவர்கள் எண்ணிப் பார்த்தே யார் போனது என்று சொல்லிவிடுவார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், மார்த்தாள் மஞ்சள் காமாலையில் படுத்தாள். அதே சமயத்தில்தான் சுந்தரிக்கு நர்ஸ் ட்ரெயினிங் இன்டர்வியூ கார்டு வந்தது. வருகிற திங்கட்கிழமை செங்கல்பட்டில் இருக்க வேண்டும், கையில் சாதி சர்டிபிகேட்டோடு. அது இல்லையென்றால் லிஸ்டில் அவள் பெயர் வராது. சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதற்கு ஒரு வாரம் முந்தின திங்கட்கிழமை காலையில் தலையாரி வீராசாமி வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"அடே பச்சமுத்து, நீ வேதக்காரன்னு மொட்ட பெட்டிஷன் ஒண்ணு போயிருக்குதுடா. வெள்ளிக்கிழம தாலுக்காலேர்ந்து ஆர்.ஐ. நேர்ல வந்து விசாரிப்பாரு. வூட்ல சிலுவ கிலுவ இருந்தா எடுத்துடு."

எவன் எழுதிப் போட்டானோ, நாசமாய்ப் போகிறவன். பச்சமுத்து சுவரிலிருந்த மரச்சிலுவையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தான். புகை படிந்த சுவரில் சிலுவை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதன்மேல் உரக்கடையில் கொடுத்த முருகன் காலண்டரை மாட்டினான். மார்த்தாள் பாயில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, பேதுருகூட ஏசுவத் தெரியாதுன்னு மூணு தரந்தான் சொன்னான். நாம கார்டு வாங்கின நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீறோம்."

"சும்மா கெடம்மே. பொண்ணுக்காவத்தான."

"உசுரோட கீறவரைக்கும் பொண்ணுக்காவ. செத்தப்பறம் நான் மார்த்தாதான். மஞ்ச குங்குமம் வெக்க வுடாத. நாப்பத்தோரு அடியும் நீயே அடி. நான் எண்ணிக்கினே போவேன்."

"அடிக்கிறம்மே," என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் உயிர் போயிற்று. ஆர்.ஐ. வர ஒரு நாள்தான் இருந்தது. ஜெபக்கூடத்து உபதேசியார் ஓடி வந்து, வாசலிலேயே ஜெபம் செய்துவிட்டு நிமிர்ந்தார். "யாக்கோபு, சுத்திய எடுத்துக்கினு வாப்பா. நான் போதகருக்கு ஆள் அனுப்புறேன்."

பச்சமுத்து அசையவில்லை. மணி அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். நாளைக்கு வருகிறவர் கல்லறைத் தோட்டத்தில் புது மண்ணையும் புதுச் சிலுவையையும் பார்ப்பார். காலனி வாயை மூடிக்கொள்ளும், சிலுவை மூடிக்கொள்ளுமா?

சுந்தரி அப்பாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "எனக்கு அந்தப் பேப்பர் வாணாம் நைனா. அம்மா கேட்டாப்பல அனுப்பு."

அவன் மகளின் காலைப் பார்த்தான். போன வாரம் முழுக்க அவள் ஊர்த்தெரு வேதாசலத்தின் கழனியில் அம்மாவுக்குப் பதில் நாற்று நட்டிருந்தாள். பன்னிரண்டாவது பாஸ் செய்த பெண்ணின் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பாயில் கிடந்தவளின் காலும் அப்படியேதான் இருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அவன் பார்வை போய்ப் போய் வந்தது. பாவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குத் துரோகம்தான்.

மதம் மாறாத கொழுந்தியாள் சிட்டம்மாள் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, "மஞ்ச அரைம்மா" என்றான்.

உபதேசியார் வாசலிலிருந்து இறங்கிப் போனார்.

சாயங்காலம் மேளத்தோடு பாடை புறப்பட்டது. நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அங்கே வந்தபோது பின்னால் யாரோ ஒரு பெண் ஞானப்பாட்டை மெல்ல ஆரம்பித்து, ஒரு அடியோடு விழுங்கிக்கொண்டாள். மகன் இல்லாததால் பச்சமுத்துவே தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக் குழியைச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். மூன்றாவது சுற்றில் முதுகெல்லாம் நனைந்து, கால் பின்னியது. பின்பக்கமாகக் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். வழியெல்லாம் வேப்பமரத்துப் பக்கமே அவன் காது இருந்தது. அவன் அடிக்காமல் அது எப்படிக் கேட்கும்?

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பொழுது சாய்ந்தது. ஆர்.ஐ. வரவில்லை.

சனிக்கிழமை வீராசாமி வந்தான். சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். "இந்தா, சர்டிபிகேட். வியாழக்கிழமையே எடுத்துக்கினு வந்தேன். சாவு வூடாச்சே, அன்னிக்கு எப்பிடிக் குடுக்கிறதுன்னு திரும்பிட்டேன்."

"ஆர்.ஐ. வரலீங்களே?"

"அவுரு இன்னாத்துக்கு வராரு? பெட்டிஷன மடிச்சி அப்பால போட்டுட்டு, செவ்வாக்கிழமையே எழுதிட்டாரு. ஏசுவக் கும்ட்டா இன்னா, எல்லையம்மனக் கும்ட்டா இன்னா, காலனி ஆளு காலனி ஆளுதானடான்னு சிரிச்சாரு."

சுந்தரி வாங்கிப் படித்தாள். கையெழுத்துக்குக் கீழே செவ்வாய்க்கிழமை தேதி இருந்தது. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள், கஞ்சி கேட்டாள்.

"இப்பவாச்சும் போயி அடி நைனா."

"ட்ரெயினிங் முடியட்டும். நடுவுல யாராச்சும் எழுதிப் போட்டா…"

"அப்பறம் வேல குடுக்கிறப்ப விசாரிப்பாங்க. அதுக்கப்பறம் ப்ரமோஷன்ல கேப்பாங்க. எப்பத்தான் நைனா அடிப்ப?"



திங்கட்கிழமை விடிந்ததும் அவளை பஸ் ஏற்றிவிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே ஏறினாள். பஸ் ஏரிக்கரை திரும்பியதும் நேராகச் சுடுகாட்டுக்குப் போனான். ஈரம் காயாத மேட்டின்மேல் சாமந்தி மாலை கருகிக் கிடந்தது. பெயர் இல்லை, முனியம்மாள் என்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"பேதுருவ ஆளுங்க சுத்தி நின்னுக்கினு கேட்டாங்கம்மே. பயந்து சொல்லிட்டான்," என்றான். "என்னிய ஒருத்தருமே கேக்கலியேம்மே."