மூன்று பொன்னாடைகள்

கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பி ஐந்து மணிக்கே வந்த ஒரே ஆள் விமல்ராஜ். செஞ்சியில் ஐந்து என்றால் ஆறு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கிறவனுக்கு ஊரின் கடிகாரம் தெரியாமலா போகும்? ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் ஆறு மணிக்கு ஜேசிபி வந்துவிடும்.

தளவானூர் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை. மதகுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் சாய்ந்து நிற்கிறது. ஒரு கையில் வாளும் ஒரு கையில் கேடயமுமாக ஒருவன், காலடியில் ஒரு நாய், தலைக்கு மேலே நாலு வரி பழைய எழுத்து. ஊர்க்காரர்கள் அதில் அரிவாள் தீட்டுவார்கள். ரீடிங் எடுக்கப் போன இடத்தில் அதைப் பார்த்தவன், நாலு வருடமாக யார் யாருக்கோ படம் அனுப்பிக் கேட்டு, சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல் என்று தெரிந்துகொண்டான். இப்போது கரையை அகலப்படுத்தித் தார்ரோடு போடுகிறார்கள். கல்லின் மேல் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டாகிவிட்டது.

ரோடு கான்ட்ராக்டர் தங்கராசுவுக்கு இரண்டு நாளாகப் போன் செய்துகொண்டிருந்தான். "அண்ணன் சைட்ல இருக்காரு", "அண்ணன் சாப்டுனு இருக்காரு" என்று உதவியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கடவுளே வழி விட்டது போல, நூலகத்தின் இந்த மாத வரலாற்று உரைக்குத் தங்கராசு சிறப்பு விருந்தினர். நூலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகள் அவர் கொடுத்தவை. உரை விமல்ராஜுடையது. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் கல்லைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

உள்ளே நூலகர் ரஞ்சனி பொன்னாடைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"மூணுதான் சார் இருக்குது. போன மாசம் அஞ்சு இருந்துச்சு. ரெண்டு பேரு நெஜமாவே வூட்டுக்கு எடுத்துனு போயிட்டாங்க."

நூலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொன்னாடை போர்த்தப்பட்டவர், கைதட்டல் அடங்கியதும் அதை நாற்காலியின் முதுகில் போட்டுவிட வேண்டும். ரஞ்சனி பின்பக்கமாக வந்து உருவி, அடுத்தவருக்கு மடித்துக் கொடுப்பார். ஒரே பச்சைப் பார்டர் ஒரே மாலையில் நாலு பேரைக் கௌரவித்ததும் உண்டு.

தங்கராசு ஆறே காலுக்கு நாலு பேர் புடைசூழ வந்தார். விமல்ராஜ் பாய்ந்து எழுந்தான். வாசகர் வட்டச் செயலாளரும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருமான ஜெயராமன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"அவசரப்படாதப்பா. மேடையில பேசு. அதுக்குத்தான மேடை?"

மேடையில் ஒன்பது பேர். கீழே பதினொரு பேர், அதில் மூன்று பேர் பேப்பர் படிக்க வந்தவர்கள். ஜெயராமன் வரவேற்புரையைத் தொடங்கினார். மாதா மாதம் அவர் சொல்கிற தேசிங்கு ராஜா இந்த மாதமும் குதிரையில் ஏறினார். ஆறரைக்கும் இறங்கவில்லை. ஆறே முக்காலுக்குக் குதிரை ஆற்றைத் தாண்டியது. விமல்ராஜ் கால் மாற்றிக் கால் போட்டான், குறிப்புத் தாளைச் சுருட்டினான், பிரித்தான். பிறகு ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நாற்காலிகளுக்குப் பின்னால் ரஞ்சனி குனிந்து ஓடிக்கொண்டிருந்தார். தங்கராசுவுக்குக் 'கோட்டை கொண்டான்' என்று பட்டம் வழங்கப்பட்டது. கோட்டையிலிருந்து அவர் எதைக் கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை.

ஏழு மணிக்குத் தங்கராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போக வேண்டும், வழியெல்லாம் ஸ்பெஷல் பஸ் நெரிசல். விமல்ராஜ் ஜெயராமனுக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினான். அவர் படித்துவிட்டு மைக்கில் புன்னகைத்தார்.

"நேரமின்மை காரணமாக, தம்பி விமல்ராஜ் தமது உரையை அடுத்த மாதம் நிகழ்த்துவார். இப்போது அவர், விடைபெறும் கோட்டை கொண்டானுக்குப் பொன்னாடை அணிவிப்பார்!"

ரஞ்சனி பச்சைப் பார்டரைக் கையில் திணித்தார். விமல்ராஜ் எழுந்தான். நடந்து போய்த் தங்கராசுவின் தோளைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் பிடித்தான். ஜெயராமன் செல்போனைத் தூக்கினார்.

"அப்படியே இருங்க! மெமரி ஃபுல்லுன்னு வருது. ரெண்டு படத்த அழிச்சிட்டு வரேன், அசையாதீங்க!"

விமல்ராஜ் அசையவில்லை. பிடியையும் விடவில்லை.

"அண்ணே, ஏரிக்கரையில நாளைக்கு ஒடைக்கப் போறீங்களே ஒரு கல்லு, அது நடுகல்லு."

"சிரி தம்பி, போட்டோ எடுக்கறாங்க."

"சண்டையில செத்தவனுக்கு ஊரே சேந்து நட்டது. நாயும் கூடவே செத்திருக்குது."

"எந்தக் கல்லு?"

"மதகாண்ட. பெருக்கல் குறி போட்டது."

"விடு தம்பி, கழுத்து இறுக்குது."

"ஜேசிபிக்காரனுக்கு ஒரு போன் போடுங்கண்ணே, விட்டுடறேன்."

கீழே பதினொரு பேரும் இந்த நெடிய பாசத்தைக் கண்டு கைதட்டினார்கள். கேமரா நீட்டியிருந்ததால் தங்கராசுவால் முகம் சுளிக்க முடியவில்லை. பல்லைக் காட்டியபடியே யோசித்தார்.

"பக்கத்துல போர்டு வெக்கலாமா? எம்பேரு போட்டு?"

விமல்ராஜ் கையிலிருந்த பொன்னாடை முனைகளைப் பார்த்தான். நாலு வருடம்.

"வைங்கண்ணே."

அவன் கையை எடுத்தான். தங்கராசு மைக்கைப் பிடித்தார். "தளவானூர் வழியில நான் கண்டுபுடிச்ச ஒரு பழங்காலத்துக் கல்லு..." என்று தொடங்கி, போனை எடுத்து, எல்லோரும் கேட்கவே சொன்னார். "டேய், மதகாண்ட அந்தக் கல்லத் தொடாத. ரோட்ட வளைச்சுப் போடு!" ஜெயராமன் அந்த இடத்திலேயே 'கல்வெட்டுச் செம்மல்' என்று இரண்டாவது பட்டத்தை அறிவித்தார். தங்கராசு கும்பிட்டபடி காரில் ஏறினார்.

"சார்! பச்சப் பார்டர் போயிடுச்சு!" என்று ரஞ்சனி வாசல் வரை ஓடினார்.

போனில் சொன்னதை விமல்ராஜ் முழுதாக நம்பவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு முன்பே ஏரிக்கரையில் நின்றான். ஜேசிபி ராத்திரியே வந்து மூன்றடி தள்ளித் தோண்டியிருந்தது. கல் நின்றது. பக்கத்தில் 'கல்வெட்டுச் செம்மல்' கும்பிடுகிற ஃப்ளெக்ஸ். செஞ்சியில் நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான். கல்லின் மேல் பச்சைப் பார்டர்.

"அண்ணன் கோயில்லேந்து வர வழியில போத்திட்டு, போட்டோ எடுத்துனு போனாரு" என்றார் ஜேசிபி டிரைவர்.

போன் அடித்தது. ரஞ்சனி.

"சார், அந்தப் பொன்னாட கண்ணுல பட்டா எடுத்துனு வாங்க. அப்புறம், அடுத்த மாசம் பேச்சு தங்கராசுதானாம். தலைப்பும் இந்தக் கல்லுதானாம். உங்களுக்குப் பொன்னாட போத்தற வேல குடுத்திருக்காரு நம்ம ஹெச்செம் ஜெயராமன் சார். நான் சண்ட போடட்டா?"

விமல்ராஜ் பொன்னாடையை உருவினான். வாளும் நாயும் நாலு வரியும் வெளிச்சத்துக்கு வந்தன. துணியை உதறி, நாலாக மடித்தான்.

"வேணாம் மேடம், அந்த வேலையே குடுங்க" என்றான். "பனமலை ரோட்டுல இன்னும் ரெண்டு கல்லு மேல பெருக்கல் குறி போட்டிருக்குது."