யானை வேலிப் பற்றரி

முதலே சொல்லிப்போடுறன், பிழை என்ரதுதான். மனுசன் நாலுதரம் சொன்னவர், நான்தான் கேக்கேல்ல.

எங்கட ஊர் செட்டிகுளத்தில இருந்து உள்ளுக்க. சுத்திவர யானை வேலி. பகல் முழுக்க வெயிலில பற்றரி சார்ஜ் ஏறும், பொழுதுபட்டால் கம்பியில கரண்ட் ஓடும். பற்றரிப் பெட்டிப் பூட்டின்ர திறப்பு என்ர மனுசன் தவராசாவிட்டைத்தான் இருந்தது. ஊர் நம்பிக் குடுத்த திறப்பு.

மகள் யதுர்ஷிகா ஒன்பதாம் வகுப்பு. விஞ்ஞானப் போட்டிக்கு, சூரிய வெளிச்சத்தில லைட் எரியிற வீடு ஒண்டு செய்தவள். வெள்ளை றெஜிபோம் அட்டையில சுவர், கூரையில சின்னச் சோலார் தகடு, அறைக்கொரு பல்ப். கண்படும், அவ்வளவு வடிவு. ஆனா ஒரு கிழமையா ஒரே மழை மப்பு. பல்ப் மினுங்கவே இல்லை. போட்டிக்கு முதல்நாள் பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ, வேலிப் பற்றரியை ஒரு பகலுக்குக் கொண்டு போவம். அதுவும் சூரியனில சார்ஜ் ஏறினதுதானே. பகலில யானை வருமே?" எண்டன்.

அவருக்கு மனமில்லை. "ஆறு மணிக்கு முதல் திரும்ப வைச்சாகவேணும், விமலா" எண்டு நாலுதரம் சொல்லிப்போட்டுத்தான் கழட்டினவர்.

வவுனியாவில பத்து மணிக்குத் தொடங்கவேண்டிய போட்டி. பிரதம விருந்தினர் வந்து விளக்குக் கொளுத்தாமல் நடுவர்மார் பிள்ளையளின்ர மேசைக்கு வரமாட்டினமாம். அந்த மகராசன் வந்து சேந்தது ரெண்டரைக்கு. பிறகு மாலை, பொன்னாடை, பேச்சு. மனசுக்குள்ள வாயில வராத பேச்செல்லாம் பேசினன். நாலு மணிக்கு என்ர மனுசன் எழும்பி, "பஸ் போகப்போகுது, பற்றரியைக் கழட்டுவம்" எண்டார். எங்கட மேசைக்கு வர இன்னும் மூண்டு மேசை கிடக்குது. யதுர்ஷிகா என்ர முகத்தைப் பாத்தாள்.

"இவ்வளவு நேரம் காத்து நிண்டிட்டு இனியோ? கொஞ்சம் பிந்தினால் ஊர் அழிஞ்சு போகாது. பேசாமல் இருங்கோ!" எண்டு அவரில பாய்ஞ்சனான்.

நாலு பல்பும் பளிச்செண்டு எரிஞ்சுது. முதலாம் இடம். பிள்ளை துள்ளினாள்.

அடுத்த பஸ் எங்களை இறக்கேக்க ஏழு மணி. அவர் பற்றரியைத் தோளில வைச்சுக்கொண்டு பெட்டிக்கு ஓடினார். பூட்டிப்போட்டு நிமிரத்தான் குழறல் கேட்டது. பக்கத்து வீட்டு வீரையா அண்ணை. மாடு கட்ட வந்த மனுசனை, அவற்ற வீட்டு முத்தத்திலயே யானை அடிச்சுக் கொண்டுபோட்டுது.

விடிய அதிகாரிமார் வந்து பாத்தினம். பெட்டியில பற்றரி இருக்குது, கம்பியில கரண்ட் ஓடுது. வேலியில வயலுக்குப் போற படலை மட்டும் விழுந்து கிடக்குது. பின்னேரத்தில அந்தப் படலையால கடைசியா வாறது வீரையா அண்ணைதான். "கொழுக்கி மாட்ட மறந்திட்டான், குடிச்சிருப்பான்" எண்டு ஊர் கதை கட்டிச்சுது. அந்த மனுசன் சாராயம் தொட்டு ஒருநாளும் நான் காணேல்ல. என்ர மனுசனும் வாய் திறக்கேல்ல, நானும் திறக்கேல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சம்.

செத்தவீடு முடிஞ்சு நாலாம் நாள் வீரையா அண்ணையின்ர மனுசி மீனம்மா எங்கட குசினி வாசலில வந்து இருந்தா. எத்தினை வருசம் இஞ்ச இருந்தும் அவவுக்கு மலையகப் பேச்சு மாறேல்ல.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியும்தானே. அவரு கொக்கி மாட்டாம வர்ற ஆளா? ஒங்கப்பன் குடிகாரனான்னு எம் மவன் சதீஸைப் பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம்."

கடவுளே, அப்பவாவது சொல்லியிருக்கலாம். என்ர நாக்கு அழுகிப் போக!

"பொழுதுபட்ட மைம்மல் நேரம்... மறந்திருப்பார், மீனம்மா" எண்டன்.

அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போனா. திரும்பினால் யதுர்ஷிகா நிக்கிறாள்.

"அம்மா, நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"விசரி! அப்பாவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகுமடி."

"சதீஸுக்கு அப்பாவே இல்லையம்மா."

அவள் அலுமாரிக்கு மேல இருந்த, போட்டிக்குச் செய்த வீட்டை இறக்கி ரெண்டு கையாலயும் தூக்கினாள். செருப்பும் போடேல்ல, மீனம்மா வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். மறிக்கவெண்டுதான் நான் எழும்பி ஓடினனான். மீனம்மா வீட்டு முத்தத்தில, வீரையா அண்ணை விழுந்த இடத்தில தண்ணி தெளிச்சுச் சின்ன விளக்கொண்டு ஏத்தி வைச்சுக் கிடந்தது. அதைக் கண்ட பிறகு என்னால மறிக்க ஏலேல்ல.

"மீனம்மா, ஒருக்கா வெளியில வாங்கோ" எண்டு நான்தான் கூப்பிட்டன்.