நீக்கக் கோரி இருநூற்றுப் பதினோரு கடிதங்கள்

நூற்று நாற்பத்து மூன்றாவது கடிதத்துக்கு மட்டும் மறுநாளே பதில் வந்துவிட்டது. காலை பத்தரை மணி இருக்கும். மனைவி முன்னறையில் ஷூவின் சோல் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். “நீக்கிவிட்டேன். உங்கள் பெயருக்கு இதனால் கெடுதல் வரும் என்று தெரியாமல் இரண்டு வருடமாக வைத்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.” மூன்றே வாக்கியம். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பச்சை மையில் ஒரு டிக் போட்டேன். பேனாவை மூடிய பிறகுதான் ஏதோ நெருடியது. இணையத்தில் காசுக்கு இணைப்பு விற்கிறவன் எவனாவது மன்னிப்புக் கேட்பானா?

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் மனைவி, கால்கள் உயரத்தில் ஒத்துப்போகாதவர்களுக்கு ஷூ செய்கிறாள். ஒரு கால் இரண்டு சென்டிமீட்டரோ ஐந்து சென்டிமீட்டரோ குட்டையாக இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சோலுக்குள் அடுக்கடுக்காக வைத்து, வெளிப்பார்வைக்குத் தெரியாமல் மறைத்துவிடுவாள். கடை என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். தெருவில் போகிறவர்கள் நின்று வாங்குகிற சரக்கு இல்லை இது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு தகப்பனோ தாயோ இணையத்தில் தேடி, எங்கள் தளம் கண்ணில் பட்டு, போன் செய்தால்தான் உண்டு. தேடலில் முதல் பக்கத்தில் இருந்தால் அது கடை. ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டால் வெறும் முன்னறை.

அது கடையாகவே இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, காரியத்தில் இறங்கினான். மற்ற தளங்கள் நம்மைக் கைகாட்டினால் நாம் மேலே ஏறுவோம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஓர் ஆளைப் பிடித்து இருநூறு இணைப்புகளை மொத்தமாக வாங்கிவிட்டான். சீட்டாட்டத் தளம், முடி வளர்க்கிற எண்ணெய், எடை குறைக்கிற மாத்திரை என்று சம்பந்தமே இல்லாத பக்கங்களின் அடியிலெல்லாம் எங்கள் முகவரி ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் உச்சியில் இருந்தோம். மூன்றாம் மாதம் பொத்தென்று விழுந்தோம். கூலிக்குக் கைதட்டுகிற கூட்டம் எது என்று தேடுபொறி கண்டுபிடித்துவிட்டதாம். அதற்குப் பிறகு ஐந்து வாரம் புதுக்கால் ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் தையல் மெஷினைக் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

பரிகாரம், அந்தத் தளங்களுக்கெல்லாம் எழுதி இணைப்பை நீக்கச் சொல்வது. கடிதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கடிதப் பிரிவில் இருந்தவன் நான். எங்களைக் கைகாட்டுகிற தளங்களின் பட்டியலையும் அவற்றின் மின்னஞ்சல் முகவரிகளையும் மச்சான் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு அனுப்பும்படி இரண்டு தடவை சொன்னான். தலையாட்டினேன். ஆனால் திறக்கவில்லை. வரிசையில் இருப்பவர்களில் ஆள் பார்த்துப் பொறுக்குவதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர் உண்டு. தவிர, அந்த மாதிரித் தளங்களை வீட்டில் திறந்து உட்கார எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கடிதம்: “தங்கள் பக்கத்தில் எங்கள் முகவரி இடம்பெற்றிருப்பது எங்கள் நற்பெயருக்குக் கேடு விளைவிப்பதால், அதனை உடனடியாக நீக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” ‘கேடு’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் பிடித்தது. வாங்கியது இருநூறு, பட்டியலில் இருந்தது இருநூற்றுப் பதினொன்று. மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்க, இத்தனை வருட அனுபவசாலிக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் மச்சான் வந்ததும் பதிலைக் காட்டினேன். படித்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, இதை நான் வாங்கவே இல்லையே.”

அது ஒரு தாய் தன் மகளை வளர்ப்பதைப் பற்றி எழுதி வருகிற பக்கம். எலும்புச் சிகிச்சைக்குப் பேர்போன ஒரு மருத்துவமனை, பெற்றோர் படிக்கட்டும் என்று தன் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சுட்டியிருக்கிறது. மச்சான் எங்கிருந்தோ அதன் பழைய பிரதியைத் தோண்டி எடுத்தான். மகள் எட்டு வயதுவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படியேறுவாளாம். ஷூ வந்த அன்று பன்னிரண்டு படியையும் நேராக ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாளாம். “நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செய்து கொடுத்தவர் இவர்” என்று எழுதியிருந்தாள். அந்த ‘இவர்’ என்ற சொல்லைத் தொட்டால் எங்கள் தளம் திறக்கும். இப்போதிருக்கிற பக்கத்தில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. அவள் கீழே நின்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

“குப்பையக் கூட்டச் சொன்னா, சாமானையும் சேத்து வெளிய தள்ளியிருக்கீங்க” என்றான் மச்சான். அப்புறம் அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஆஸ்பத்திரி அவங்களக் கைகாட்டுது. அவங்க நம்மளக் கைகாட்டுறாங்க. யாரும் கேட்டுப் போட்டதில்ல மாமா. நான் வாங்கின இருநூறும் இதோட தூசிக்குப் பெறாது. மிச்சப் பத்தும் தோல் கடைக்காரர் பட்டியல், வியாபாரிகள் பட்டியல், அவ்வளவுதான். இத்தனை நாள் நம்ம கடை ஓடினது இந்த ஒண்ணுலதான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் “அந்தப் படியேறின ஷூ மாதிரி வேணும்” என்று கேட்பார்கள். அது அவரவர் பேசுகிற விதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தேய்க்கிற சத்தம் நின்று போயிருந்தது. மனைவி வாசற்படியில் நின்றாள். அவளுக்கு முகங்கள் நினைவிருக்காது, கால்கள் இருக்கும். இடது கால், நாலு சென்டிமீட்டர், பெருவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கும் என்றாள்.

“நன்றின்னு ஒருத்தி எழுதி வெச்சத, அசிங்கம், எடுத்துடுன்னு கடுதாசி போட்டிருக்கீங்க.”

நான் அசிங்கம் என்று எழுதவில்லை, கேடு என்றுதான் எழுதினேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

உடனே எழுதித் திரும்பப் போடச் சொல்லுங்கள் என்றான் மச்சான். நாள் தள்ளத் தள்ள இன்னும் கீழே போவோம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, மெஷின் போகப் போவது அவன் அக்காவுடையது. ஆனால் அவள் ஒரே பிடியாக நின்றாள். “அது கேட்டு வாங்குற பொருளாடா? மன்னிப்பு மட்டும் கேக்கட்டும்.”

மூன்று நாள் எழுதினேன். முதல் பிரதியில் தேடுபொறி, தரவரிசை எல்லாம் வந்தது, கிழித்தேன். இரண்டாவது, விளக்கம் கோரப்பட்ட குமாஸ்தாவின் பதில்போல இருந்தது. மூன்றாவதற்கு மனைவியின் அளவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். படியேறின ஷூ கேட்டு வந்தவர்களை அவள் சொல்லச் சொல்லக் குறித்தேன், முப்பத்தெட்டுப் பேர். அவர்களைப் பற்றித்தான் எழுதினேன். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பஸ் கண்டக்டர், ஒரு வாரம் கழித்துப் போன் செய்து “இடுப்பு வலி எங்க போச்சுன்னு தேடிட்டிருக்கேன்” என்றார். ஒரு டீச்சர் மேசையில் ஊன்றாமல் கரும்பலகையின் இரண்டு ஓரத்துக்கும் எழுதிவிட்டு வந்தார். ஒரு கல்யாணப்பெண் தன் ஷூவைப் புடவைக்கு அடியில் யாருக்கும் காட்டாமல், எங்களுக்கு மட்டும் படம் அனுப்பினாள். இவர்களை எங்கள் வாசலுக்கு அனுப்பியது நீங்கள், இது எங்களுக்கு இந்த வாரம்வரை தெரியாது, உங்கள் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தக் கடிதத்தை அனுப்பியவன் நான் என்று எழுதினேன். நன்றி என்ற சொல்லை அலுவலகத்தில் லட்சம் தடவையாவது எழுதியிருப்பேன், கையெழுத்துக்கு மேலே, பழக்கத்தில். அன்றைக்கு அதைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதினேன். திரும்பப் போடுங்கள் என்று எங்கும் கேட்கவில்லை. அனுப்பிய பிறகு அதற்குப் பதிவேட்டில் எண்ணும் கொடுக்கவில்லை.

ஆறாம் நாள் கூரியரில் ஓர் உறை வந்தது. அந்தத் தாயிடமிருந்துதான். மச்சான் அன்று வீட்டில் இருந்தான். உறையைப் பிரிக்குமுன்பே அவன் அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தான். அது இன்னும் அவள் கீழே நின்று பார்ப்பதோடுதான் முடிந்தது. திரையை மடக்கினான். உறைக்குள் நான்காக மடித்த பெரிய தாள். மூலையில், “பத்து வயதாகிவிட்டது. பழையது கடிக்கிறதாம். அடுத்த மாதம் நேரில் வருகிறோம்” என்று எழுதியிருந்தது. இணைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வேலைமேசையில் விரித்து, மடிப்புகளை நீவினாள். பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள். வலது பாதத்தின் கோடு சீராக இருந்தது. இடது பாதத்தில், உள்ளங்கால் வளைவுக்கு வந்த இடத்தில் பிள்ளைக்குக் கூசியிருக்க வேண்டும், பென்சில் வழுக்கித் தாளின் விளிம்புவரை ஒரே இழுப்பாக ஓடியிருந்தது. அவள் குனிந்து, அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.