சண்டைக்காரியின் கழுத்து

பசுவின் குடலில் வருடக்கணக்காக ஒளிந்திருந்து, அதை மெல்ல மெல்ல எலும்பும் தோலுமாக்கும் கிருமி ஒன்று உண்டு. பாலைச் சோதித்தே அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க, ஆய்வுக்கூடத்து அம்மாள் புதிய சோதனை ஒன்றை உருவாக்கிவந்தார். அதில் முதலில் மாட்டிக்கொண்டது ‘சண்டைக்காரி’ என்ற பசு. நோய் இருந்தால், மற்ற மாடுகளைக் காப்பாற்ற அதைக் கொன்றாக வேண்டும்.

முடிவைத் தொலைபேசியில் சொல்வதுதான் வழக்கம். இதை நேரில் சொல்வதே மரியாதை என்று அவர் தொழுவத்துக்கே வந்தார்.

“இவளுக்கா நோய்?” என்றாள் மாட்டுக்காரப் பெண். “நேத்துகூட இவரை ஒரே உதையில வேலியோரம் தள்ளினாளே, மேடம்!”

“அப்போ என்னைத்தான் முதல்ல கொண்டுபோகணும்,” என்றார் கணவர், முழங்காலைத் தேய்த்தபடி. சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

“உள்ளுக்குள்ள இருக்கும்மா. வெளிய தெரிய நாளாகும்.”

அவள் பசுவின் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அம்மாளும் அருகே வந்து பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். ஓரிடத்தில் மயிர் கட்டையாகக் குத்தியது. சற்றுக் கீழே இன்னோரிடத்திலும்.

“இங்க எதுக்கு மழிச்சிருக்கு?”

“காசநோய் இருக்கான்னு ஊசி போட்டுப் பார்த்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாரு டாக்டர்.”

“எப்போம்மா?”

“நீங்க பாலுக்கு ஆள் அனுப்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.”

அம்மாளுக்குச் சுருக்கென்றது. காசநோய்க் கிருமியும் இந்தக் குடல் கிருமியும் பங்காளிகள். அந்தக் கிருமிகளிலிருந்தே எடுத்த ஊசி மருந்தை எதிர்க்க உடம்பு கிளப்பிவிட்ட காவல் படை பாலிலும் இறங்கியிருக்கும். சோதனை அதைப் பார்த்து நோய் என்று கூவியிருக்கிறது. ஊசி போட்டீர்களா என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

“தப்பு என்மேலதான் இருக்கும்போல. சாணத்துல கிருமியே இருக்கான்னு தேடிப் பார்த்துடறேன். அதுவரைக்கும் கன்னுங்ககிட்ட விடாம தனியா கட்டுங்க.”

“சாணமா? கூடையிலயே தர்றேன் மேடம்!” என்று ஓடினார் கணவர்.

சாணத்தில் கிருமி இல்லை. ஊசியின் வேகம் அடங்கியபின் கறந்த பாலும் சுத்தமாக இருந்தது. இதைச் சொல்லவும் அவர் நேரில்தான் வந்தார். மாட்டுக்காரப் பெண் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எனக்கு எதுக்கும்மா நன்றி? கடவுளுக்குச் சொல்லு,” என்றார் அவர்.

இப்போது அவருடைய ஆட்கள் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும், பால் கேட்பதற்குமுன் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். மாடுகளுக்கும் அது பிடித்திருக்கிறது.