பாதியில் அணையும் பெட்டி

வீடியோ கேம் பெட்டியைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்தபடி ஏஸ்தெல் மறுபடியும் செல்வகுமாரின் கடைப் படியேறினாள். முதலியார்பேட்டையில் மிக்ஸி, டிவி பழுது பார்க்கும் சின்னக் கடை.

"என்னாக்கா, திரும்பியும் நின்னுபோச்சா?"

"ஆமா தம்பி. எங்க வூட்டுக்காரரு நல்லா ஆடிக்கிட்டே இருக்காரு, பொசுக்குன்னு அணைஞ்சுடுது."

பெட்டி, மகன் ஜாக் சிறுவயதில் ஆடியது. அவன் இப்போது பிரான்சில் வேலையில் இருக்கிறான். பரணிலிருந்து அதை இறக்கியது அவள் கணவர் பெஞ்சமேனுக்காக. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றும் அவரைச் சிப்பாய் என்ற அர்த்தத்தில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைச் சுவரில் விட்டெறிந்தவர், இந்தப் பெட்டியின் ரிமோட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். இந்த வருஷத்துக்குள் விரல்கள் வராவிட்டால் பிறகு வராது என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஏஸ்தெலுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

செல்வகுமார் தன்னால் ஆனதையெல்லாம் பார்த்துவிட்டான். பிரான்சிலிருந்து வந்த அடாப்டரின் ஒல்லிப் பின் நம் ஊர் பிளக்கில் லொடலொடக்கும். வழக்கம்போல அவள் தீக்குச்சி செருகி இறுக்கியிருந்தாள். முதலில் அதற்குத் திட்டு வாங்கினாள். புது அடாப்டர் வந்தது. உப்பியிருந்த கெப்பாசிட்டரை மாற்றினான். ஒயர் செருகும் இடத்தில் விட்டுப்போயிருந்த ஈயத்தைப் புதிதாக வைத்தான். இன்றும் மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் சரியான அளவுக்கு ஏறி, இறங்காமல் நின்றது.

"இங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுதுக்கா. உங்க வூட்டு கரண்டு மட்டும் சொல்தாவுக்கு பயப்படுதோ என்னாமோ!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணொண்ணா மாத்திப் பாருங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எதுல கோளாறுன்னே தெரியாது" என்றான் அவன்.

அப்படியே செய்தாள். ஒருநாள் வேறு பிளக். மறுநாள் வேறு ஒயர். இன்னொரு நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருந்தாள். எல்லா நாளும் பெட்டி பாதியில் அணைந்தது. மாற்றாமல் மீதி இருந்தது அவள் உட்காரும் இடம் ஒன்றுதான். எப்போதும் கட்டிலின் இடது பக்கம் நாற்காலி போட்டு, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று மத்தியானம், துணி மடிக்கிற சாக்கில் அவருக்குப் பின்னால், வலப்பக்கமாக, வாசற்படியில் உட்கார்ந்தாள். திரையில் கார் ஓடியது. மரத்துப்போன கட்டைவிரல் பட்டனை அழுத்த முயன்று வழுக்கியது. கார் சுவரில் மோதியது. மறுபடி தொடங்கியது, மறுபடி மோதியது. பிறகு அவருடைய வலது கால் கட்டிலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. தரையில் தடவித் தேடி, அடாப்டர் ஒயரைப் பெருவிரல் இடுக்கில் கவ்வி, பிளக்கிலிருந்து கழன்று விழாத அளவுக்கு நிதானமாக இழுத்தது. திரை கறுத்தது.

மடித்த துணி அவள் மடியிலிருந்து சரிந்தது. எழுந்துபோய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இந்த வெயிலில் எத்தனை தரம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள்! முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. கண் மூடியிருந்தது. உதட்டோரம் எச்சில் கோத்திருந்தது.

"போ... போயிடுச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாங்க. போயிடுச்சு."

போன் அடித்தது. டாக்டர்தான். இன்று பயிற்சி நடந்ததா என்று கேட்டார். ஏஸ்தெல் கட்டிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"இல்ல சார். பொட்டி இன்னும் சரியாவல. என்னா கோளாறுன்னே தெரியலன்றாங்க. ஆவட்டும் சார், சரியானதும் சொல்றேன்."

போனை வைத்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, விரலிடுக்கில் இன்னும் இறுகியிருந்த ஒயரை மெதுவாக விடுவித்தாள். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள். எழுந்திருக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்து, தன் கால்களையும் நீட்டிக்கொண்டாள்.