மூன்றாம் பெட்டிக்கும் நான்காம் பெட்டிக்கும் நடுவில்

திகனயில் பாயிஸா தன் பழைய நீள வீட்டைப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வைஃபை எட்டவில்லை. கண்டியிலிருந்து வந்த நிரோஷா நடையின் கூரையில் நாலு வைஃபை பெட்டிகளைப் பொருத்தினாள். நாலுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். போனில் பேசியபடி நடப்பவருக்கு ஒரு பெட்டியை விட்டு அடுத்ததற்கு மாறுவதே தெரியக் கூடாது.

அதைச் சோதிக்க மறுமுனையில் ஒருவர் விடாமல் பேச வேண்டும். முன்பெல்லாம் அவளோடு வேலை செய்த பிறையன் பேசுவான். மலைரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வான். ஒன்று விடுபட்டால், அந்த இடத்தில் தொடர்பு அறுகிறது என்று கண்டுகொள்வாள். போன மழையில் மண்சரிவு அவனை வீட்டோடு கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அவள் எடுத்த முதல் வேலை இது.

பாயிஸாவை முன்னறைக் கதிரையில் உட்காரவைத்து, போனில் எதையாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு நடந்தாள். பாயிஸா வட்டிலாப்பம் ஆக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் பெட்டியைத் தாண்டியபோது குரல் கொஞ்சம் நின்றது.

"ஹட்டன்," என்றது பிறையனின் குரல். உடனே வட்டிலாப்பம் தொடர்ந்தது.

திரும்ப நடந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. காதுதான் ஏமாற்றுகிறது என்று விட்டிருக்கலாம். விடாமல் லாப்டொப்பைத் திறந்து, கடைசி இரண்டு பெட்டிகளின் வீச்சைக் குறைத்தாள். நடுவில் எந்தப் பெட்டியும் எட்டாத துண்டு ஒன்று உண்டானது. அதற்குள் போய் நின்றாள். பாயிஸாவின் பேச்சு அறுந்தது.

"கொட்டகலை." குளிரில் பல் கிட்டிய குரல். "தலவாக்கலை."

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது. அதன் பின்னால் மழை. முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஓரடி பின்வைத்ததும் போனில் பாயிஸாவின் குரல் திரும்ப வந்தது. "மகள், அங்க யாரு? ஆம்புளட சத்தமொண்டு கேட்டிச்சே. பாவம், குளிருல நடுங்குறாரு."

அந்த எட்டாத துண்டை இப்படியே விட்டுப் போகலாமா என்று நிரோஷாவுக்கு ஆசை எழுந்தது. ஆனால் முன்பின் தெரியாத வீட்டில், யார் யாரோ நடக்கிற வழியில், அவனைக் குளிரோடு நிறுத்திவைக்க மனம் கொள்ளவில்லை. வீச்சைப் பழையபடி கூட்டினாள். மறுபடி நடந்தபோது பாயிஸாவின் குரல் கோடிக்குக் கோடி அறாமல் வந்தது.

முன்னறையில் பாயிஸா அடுப்படிக்குப் போக எழுந்தார். "அந்த மனுசன உள்ளுக்கு வரச் செல்லுங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

"அவரு போயிட்டாருங்க," என்றாள் நிரோஷா.