முட்டைக்கும் நீலம்

கம்பியில்லா மைக்கைக் கைக்குட்டையால் துடைத்து, தானே இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா மேடையேறினார். கையில் மைக் வந்துவிட்டால் பிடுங்கினாலொழிய விடமாட்டார். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர்தான் இயக்குநர். அண்ணன் மகளை வேலைக்குச் சேர்த்த அன்றே, "வாசலுக்கு வெளிய நான் சித்தப்பா, உள்ள வந்தா சார்" என்று சொல்லிவைத்திருந்தார். அவளும் இதுவரை அப்படியே நடந்துவந்தாள்.

கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் தண்ணீரில் மிதந்தால் நிறம் சிவப்பு. அவற்றின்மேல் நோய்க்குக் காரணமான புரதத்தைப் பூசி, சேமிப்பிலுள்ள வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சொட்டிப் பார்ப்பது அவள் வேலை. எது புரதத்தைப் பற்றுகிறதோ, அதில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீலமாகும். சிவப்பையே பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த இடத்தில் போன வாரம் சோதனைத் தட்டில் ஒரு குழி நீலமானது. சித்தப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதிச் சேமிப்பு தொடப்படாமல் குளிர்பெட்டியில் கிடக்க, "மருந்து கிடைச்சாச்சு, கடையைக் கட்டு" என்றார்.

"அது பசை மாதிரி எதைக் கண்டாலும் ஒட்டுற பொருளா இருந்தா? வேற புரதத்துல ஒரு தடவை பாத்துடலாம் சார்."

"எல்லாத்துலயும் நொட்டை சொல்லாதம்மா. விழா முடியட்டும்."

மேடையில், முதலீடு போட வந்தவர்களின் முன்னால், சித்தப்பா ஒரு சிவப்புக் குழாயில் அந்தப் பொருளை ஒரு சொட்டு விட்டார். நீலம். கைதட்டல் ஓய்வதற்குள், அழைக்காமலே மேடையேறி இன்னொரு சிவப்புக் குழாயை நீட்டினாள் அவள்.

"இதுலயும் விடுங்க சார்."

சபை நடுவே மறுக்க முடியுமா? பல்லைக் கடித்துச் சிரித்தபடியே ஒரு சொட்டு விட்டார். அதுவும் நீலம். சபை முன்னைவிடப் பலமாகத் தட்டியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "இதுல பூசியிருக்கிறது முட்டை வெள்ளைக்கரு. முட்டைக்கு எந்த நோயும் இல்ல."

பின்வரிசையில் கைதட்டல் இன்னும் கொஞ்சம் தொடர்ந்தது. யாரோ முழங்கையால் இடித்த பிறகுதான் அடங்கியது.

"உன்ன யாரு மேல ஏறச் சொன்னா?" என்றார் சித்தப்பா, உதடு அசையாமல்.

"யாரும் சொல்லல. மிச்சத்தையும் பாக்காம கடையைக் கட்ட விடமாட்டேன் சித்தப்பா."

கடைசிச் சொல் ஒலிபெருக்கிவழி கடைசி நாற்காலிவரை போய்ச் சேர்ந்தது.

இறங்கி நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். நாளைக்கு எப்படியோ, இன்றைக்கு அவள் அடையாள அட்டைக்குக் கதவு திறந்தது. குளிர்பெட்டியிலிருந்து தொடாத தட்டு ஒன்றை எடுத்துவைத்தாள். குளிர் விட்டதும், சொட்டு விடும் பிப்பெட்டைக் கையில் எடுத்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சித்தப்பா வந்து நின்று, வெறுங்கையை நீட்டி, மைக்கைக் கேட்டு ஜாடை காட்டினார். அவள் நிமிரவில்லை. மைக் தட்டுக்குப் பக்கத்தில், அணைக்கப்படாமலே கிடந்தது. சொட்டுக்கொரு தடவை பிப்பெட் எழுப்பிய கிளிக் சத்தம், தள்ளியிருந்த விழாக்கூடத்தில், நாற்காலியை விட்டு எழலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்குமேல் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.